ஏழு மணி வெளிச்சம்

அடையாறு முகத்துவாரத்தில் காலை ஏழு மணிக்கு விழும் வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது, ஐயா. அசோக் நகரிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி நேரம்தான். வேடந்தாங்கல், கோடியக்கரை என்று கேமராவோடு ஊர் ஊராக அலைந்த எனக்கு இது நாற்பத்தைந்து வயதில்தான் உறைத்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

என்னைக் கொடூரன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். போன வருடம் வேடந்தாங்கல் போகும் வழியில் ஒரு புதருக்குள் சின்னான் குருவியின் கூட்டைப் பார்த்தேன். மூன்று குஞ்சுகள். முன்னால் இரண்டு கிளைகள் மறைத்தன, கத்தரித்துவிட்டேன். இருபது நிமிடத்தில் செம்போத்து வந்தது. செம்போத்தைப் பார்த்தால் நல்ல சகுனம் என்பார்கள். எனக்கு அந்தப் படத்துக்குத்தான் போட்டியில் முதல் பரிசு. குஞ்சுகளைத் தின்றது செம்போத்து, நான் இல்லை.

முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு ஜனவரியில் போக ஆரம்பித்தேன். பறவை அலுத்தால் மனிதர்களை எடுப்பேன். தேவானை அங்கே தன் சித்தி தங்கத்தோடு உட்கார்ந்து மீன் விற்பாள். எனக்கு அவளை நிஜமாகவே பிடித்திருந்தது. முதல் படத்தை எடுத்ததுமே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அண்ணா, இத்த எங்கியும் போட்டுராதண்ணா. எம் புருசன் தேடிக்கினு கீறான். நான் இங்க கீறது தெரிஞ்சா வெட்டிப் போட்ருவான்."

தோளில் இருந்த தழும்பைக் காட்டினாள். அதையும் எடுத்துக்கொண்டேன்.

போடமாட்டேன் என்றுதான் சொன்னேன். இரண்டு வாரம் போடவும் இல்லை. ஆனால் நல்ல படம் ஒன்று யாரும் பார்க்காமல் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டேன். அவள் பெயரைப் போடவில்லை, குப்பத்தின் பெயரை மட்டும் போட்டேன். எங்கே எடுத்தது என்று எழுதுவது படமெடுக்கிற எங்களுக்குள் ஒரு நாணயம்.

படத்துக்குக் கீழே புகழேந்தி என்று ஒருவர் கேட்டிருந்தார். "சார், இந்தப் பொம்பள எந்தச் சந்துல குந்திக்கினு கீது? எப்ப வந்தா பாக்கலாம்?" யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் அவளோடு மாலையும் கழுத்துமாக நிற்கும் படம் இருந்தது. மரியாதையாகக் கேட்டவருக்கு மரியாதையாகப் பதில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணிக்கு மேல் வரச் சொன்னேன். அதற்கு முன்னால் அந்தச் சந்தில் நிழல்.

நான் ஆறரைக்கே போய், கரையேற்றியிருந்த படகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தங்கம் வழக்கம்போல் தேவானையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஃபிரேமுக்கு இடைஞ்சல். கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னேன்.

"தோ, வாங்கியாரேன் நைனா" என்று போனாள், பாவம்.

அவர் ஏழு பத்துக்கு வந்தார். மீன் வாங்க வந்தவர் மாதிரி கையில் பை. அதிலிருந்துதான் அரிவாளை எடுத்தார். நாற்பது மீட்டர் தூரம்தானே, ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். நடப்பதில் குறுக்கிடக் கூடாது என்பது காட்டில் முதல் பாடம், ஐயா. புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். தங்கம் டீயோடு திரும்பியபோது தேவானைக்கு உயிர் இல்லை. என்னிடம் நூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. ஒன்றுகூட ஆடவில்லை, அதில் எனக்குப் பெருமைதான்.

படங்களின் வரிசையில் ஒரு எண் விடுபட்டிருக்கிறது என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது சரி. அதில் தேவானை நேராக என் பக்கம் திரும்பி, "அண்ணா" என்று கூப்பிடுகிறாள். அதை அங்கேயே அழித்துவிட்டேன். கேமராவைப் பார்த்துவிட்டால் படத்தின் இயல்பு கெட்டுவிடும்.