வேற்றுக்கிரகத்தில் தலைக்கவசம் கழற்றியவன்

பிள்ளைகளே, நெடுந்தீவுப் படகில் ஒரு தம்பியும் அவனுடைய அக்காவும் விண்வெளிப் படமொன்றைப் பற்றிப் பிடுங்குப்பட்டதைக் கேட்டேன்.

"வேற்றுக்கிரகத்திலை இறங்கினவுடனை தலைக்கவசத்தைக் கழட்டுறான், விசரன்! என்ரை கேமிலை எண்டால் அப்பவே செத்திருப்பான்."

"முகம் தெரியாட்டி ஆரடா படம் பாக்கிறது?"

"பாதுகாப்பெண்டு ஒண்டு இருக்கெல்லோ அக்கா!"

"ஓம், நீ லைஃப் ஜக்கெற்றை மெத்தையாப் போட்டு இருந்துகொண்டு அதைச் சொல்லு."

"பலகை குத்துது."

"கேமிலை உனக்கு எத்தினை உயிர்?"

"அஞ்சு."

"இஞ்சை?"

படகை அலை தூக்கிப் போட்டது. அவன் கீழே கிடந்த உயிர்காப்பு அங்கியை உருவி மாட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் என் அங்கியின் மேல் இருந்தபடியே சிரித்தேன். அப்போது எடுத்துப் போட வெட்கமாக இருந்தது.

பின்னேரம் தனியே திரும்பும்போது, படகு புறப்படுமுன்பே அதைப் போட்டு இரண்டு நாடாவையும் இறுக்கிக் கட்டினேன்.