அரை நாயும் ஒரு முழுக் கிரகமும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், தாங்கித் தாங்கியே நாற்காலியோடு ஒட்டிப்போன, எங்கள் ஊர்த் தலைவர் கேப்டன் மோஹெங் அவர்களே. அவர் சிரித்தால் சிரித்து, அவர் செருமினால் செருமி, அவர் தலையசைக்கும் முன்பே தங்கள் தலையை அசைத்துவிடும் ஊர்மன்ற உறுப்பினர்களே. திருப்பலி முடித்த கையோடு இந்தத் திரை விலக்கும் திருவிழாவுக்கும் வந்திருக்கும் பங்குத் தந்தை அவர்களே. ஊரிலுள்ள அத்தனை பேனர்களையும் அச்சடித்தவரும், அத்தனை பேனர்களிலும் சிரிக்கிறவருக்கு மருமகனுமான நோனி அவர்களே. காலையிலிருந்து பன்றியைச் சுட்டு, நூடுல்ஸைக் கிளறி, இப்போது என் பேச்சையும் பொறுத்துக்கொள்ளப் போகும் தாய்மார்களே. கூடைப்பந்து ஆட வந்து மைதானத்தைக் கூட்டத்துக்குப் பறிகொடுத்த இளைஞர்களே. ஓடைமுகத்து மீனவப் பெருமக்களே. நம் புந்தா மாலினா ஊரின் பொறுமைசாலிகளே, உங்கள் எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

"நாலு நல்ல வார்த்தை பேசிட்டு இறங்கிடு இன்ஜினியர்" என்று சொல்லித்தான் என்னை மேடையேற்றினார்கள். நான் மணிலாவில் நில அளவை படித்தவன். நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை என்று பிரிக்க எனக்குப் பயிற்சி இல்லை. சரி, தவறு இரண்டைத்தான் பிரிக்கத் தெரியும்.

என் பின்னால் பாருங்கள். சற்றுமுன் திரை விலகியதும் "ஓ" என்று வாய் பிளந்தீர்களே, அந்தப் படத்தைப் பாருங்கள். உருண்டையாக ஓர் உலகம். உலகத்தின் மேல் நம் கோயில் நிற்கிறது. பக்கவாட்டில் சந்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. தலைகீழாக இந்தக் கூடைப்பந்துக் கூரை தொங்குகிறது. சுற்றிலும் நீல வானம். நம் ஊர் தனியாக ஒரு கிரகமாகிவிட்டது. இதற்குப் பெயர் குட்டிக் கிரகம். இதை எடுத்தவன் நான். இப்போது தொங்குவது நான் எடுத்தது அல்ல. இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் என் பேச்சு.

பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் விழாவுக்கு ஒரு குட்டிக் கிரகம் அச்சடித்தார்கள். அடுத்த காலை கேப்டன் என் வீட்டு வாசலில்.

"இன்ஜினியர், அவனுங்க ஊரு உருண்டையா இருக்கு. நம்ம ஊரு மட்டும் ஏன் தட்டையா இருக்கு?"

"எல்லா ஊரும் உருண்டைதான் கேப்டன். படத்தைச் சுத்தி எடுத்தா நம்ம ஊரும் வரும்."

"அவனுங்களுதவிட பெருசா வரணும்."

"கிரகம் பெருசா வராது. பேப்பர் வேணா பெருசா போடலாம்."

"அப்ப பேப்பரைப் பெருசா போடு."

இதுதான் எங்களுக்குள் நடந்த தொழில்நுட்ப ஆலோசனை.

எப்படிச் செய்கிறோம்? மாயமில்லை, மந்திரமில்லை. படகுத்துறை நுனியில் மூன்று கால் தாங்கி ஒன்றை நிறுத்தி, அதன் தலையில் கேமராவைப் பூட்டி, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி எடுக்கிறோம். காலடி முதல் உச்சிவானம் வரை எதையும் விடுவதில்லை. எல்லாவற்றையும் கணினியில் ஒட்டினால் நீளமான ஒரே படம். கீழே தரை, மேலே வானம். அந்த நீளப் படத்தை ஒரு துணி என்று வையுங்கள். கீழ் விளிம்பை முழுதாகச் சுருக்கி ஒரு பிடிக்குள் அடக்குங்கள். மேல் விளிம்பைச் சுற்றிலும் விரியுங்கள். தரை நடுவில் உருண்டையாகும், வானம் வெளியே வட்டமாகும், துணியின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடும். அவ்வளவுதான் கிரகம். தாய்மார்கள் தலையாட்டுகிறீர்கள், நன்றி. ஊர்மன்றத்துக்கு இதை விளக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆயிற்று.

படமெடுக்கும் நாள் வந்தது. ஊரே படகுத்துறையில். கேப்டன் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். வந்ததும் முதல் கேள்வி, "நடு எது?"

"எதுக்கு நடு?"

"படத்துக்கு நடு. நான் நடுவுல நிக்கணும். எந்தப் படத்துலயாவது நான் ஓரத்துல நின்னு பாத்திருக்கியா?"

இல்லை. பார்த்ததில்லை. கழிவறைத் திறப்பு விழாப் படத்தில்கூட அவர்தான் நடுவில். கழிவறை ஓரத்தில்.

நான் சொன்னேன்: "கேப்டன், இந்தப் படத்துக்கு நடுங்கறது கேமராவுக்கு நேர் கீழ இருக்கற தரை. அங்க யாரும் நிக்க முடியாது. தாங்கியோட கால் இருக்கு."

"நிக்க முடியாது. உக்கார முடியுமில்ல?"

உட்கார்ந்தார். பெருமக்களே, புந்தா மாலினாவின் முதல் குடிமகன், மூன்று இரும்புக் கால்களுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பார்த்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். அலிங் தெக்லா அம்மா, ஓடைமுகத்தில் மீன் காயவைப்பதை விட்டுவிட்டு வந்து, "கேப்டன், முட்டை போடுறதா இருந்தா கூடை கொண்டாரட்டுமா?" என்று கேட்டீர்களே, நினைவிருக்கிறதா?

நான் தடுக்கவில்லை. தடுத்துப் பயனில்லை என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எடுத்தேன், ஒட்டினேன், உருட்டினேன். நேர் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு உட்கார்ந்திருப்பவரின் எது தெரியும்? முகமா தெரியும்? மார்பில் குத்திய பதக்கமா தெரியும்? உச்சந்தலை தெரியும். சாயம் பூசிய முடிக்கு நடுவே, பளபளவென்று, வட்டமாக, ஒரு வழுக்கை தெரியும். ஊரின் மையம் அது. உலகின் துருவம் அது. அந்த வழுக்கையிலிருந்துதான் கோயில் எழுந்தது. அந்த வழுக்கையிலிருந்துதான் சந்தை முளைத்தது.

சிரிக்காதீர்கள். சிரித்தால் கேப்டன் வருந்துவார். சரி, கொஞ்சம் சிரியுங்கள்.

இன்னொரு சிக்கல். படகுத்துறைக்குப் போகும் வழியெல்லாம் யார் பேனர்? விழா வாழ்த்து, மாரடைப்பு விழிப்புணர்வு, கொசு ஒழிப்பு, பள்ளித் தேர்ச்சி, எல்லாவற்றிலும் அதே முகம். உருட்டும்போது கேமராவின் கண்ணுக்கு மேலே உள்ளதெல்லாம் விரியும், உயர உயர விரியும். உயரத்தில் கட்டிய பேனர் என்ன ஆகும்? முகவாய் கடுகளவு. நெற்றி கடலளவு. கிரகத்தைச் சுற்றிலும் கத்தரிக்காய் கத்தரிக்காயாகக் கேப்டன் வானத்தை நோக்கி வளர்ந்து நிற்கிறார். "என்னய்யா இது, என் மூளை வீங்கின மாதிரி இருக்கு" என்றார். "கணக்குப்படி அப்படித்தான் வரும்" என்றேன். "கணக்கை மாத்து" என்றார்.

கணக்கை மாற்று. இந்த ஊரில் என்னிடம் அதிகமுறை சொல்லப்பட்ட வாசகம் இது.

நான் மாற்றவில்லை. படக் கோப்பை அச்சுக்காக நோனியிடம் கொடுத்தேன். இன்று திரை விலகியது. இவ்வளவு பெரிதாக நானும் உங்களோடுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வழுக்கை போய்விட்டது, அந்த இடத்தில் கேப்டனின் சிரித்த முகம் ஒட்டப்பட்டிருக்கிறது. இப்போது கோயில் அவர் நெற்றியிலிருந்தும் சந்தை அவர் காதிலிருந்தும் கிளம்புகின்றன. போகட்டும். நான் அதற்காக மைக்கைப் பிடிக்கவில்லை.

நன்றாகப் பாருங்கள். சந்தை இருக்கிறது. சந்தையை ஒட்டிய ஐஸ் கிடங்கு இருக்கிறது. அதற்கு அடுத்து என்ன இருக்க வேண்டும்? சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.

ஓடைமுகம். தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் அறுபது வீடுகள். அவை எங்கே?

கிடங்கை அடுத்து அலையாத்திப் புதர். புதரை அடுத்துக் கடல். அறுபது வீடுகளைக் காணவில்லை. புயல் வந்ததா? போன ஆண்டு வந்த புயலே தொடாமல் போன வீடுகளை ஒரு மவுஸ் தொட்டுவிட்டது.

நோனி கை தூக்குகிறார். சொல்லுங்கள் நோனி.

"ஒட்டுற எடத்துல அப்படித்தான் கொஞ்சம் போயிரும் இன்ஜினியர். சாஃப்ட்வேர் பிரச்சினை. உனக்குத் தெரியாதா?"

தெரியும் நோனி. எனக்கு அது மட்டும்தான் தெரியும். படத்தின் இரு முனைகளையும் நான் எங்கே சேர்த்தேன் தெரியுமா? நடுக்கடலில். அலைக்கும் அலைக்கும் நடுவே தழும்பு தெரியாது என்பதால். ஓடைமுகத்தில் என் ஒட்டு எதுவும் இல்லை. அங்கே இருப்பது உங்கள் வெட்டு.

பெருமக்களே, தட்டையான படத்தில் ஒருவரை ஒளிப்பது எளிது. கேமராவைத் திருப்பிக்கொண்டால் போதும். யாரும் கேட்க முடியாது. உருண்டைப் படத்தில் திருப்ப இடமில்லை. ஒருவரை ஒளிக்க வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். வெட்டினால் வட்டத்தில் இடைவெளி விழும். இடைவெளியை மூட மிச்ச ஊரை இழுக்க வேண்டும். இழுத்தால் என்ன ஆகும்? பங்குத் தந்தை அவர்களே, உங்கள் மணிக்கூண்டைப் பாருங்கள். நோன்பிருக்க வேண்டிய தவக்காலம் முழுதும் தின்றே தீர்த்த மாதிரி இல்லையா? இளைஞர்களே, உங்கள் கூடைப்பந்து வளையத்தைப் பாருங்கள். அதில் பந்தென்ன, பன்றியே நுழையும். அறுபது வீட்டை விழுங்கிய ஊர் ஊதிப்போய் நிற்கிறது.

இன்னும் சந்தேகமா? கிடங்கின் ஓரத்தில் பாருங்கள். புதரைத் தொட்டுக்கொண்டு பழுப்பாக ஒன்று. இரண்டு காது, ஒரு மூக்கு, இரண்டு முன்னங்கால். அப்புறம்? அப்புறம் புதர்.

என்ன அலிங் தெக்லா? எழுந்து நின்றே சொல்லுங்கள், கேட்கட்டும்.

"அது எங்க வீட்டு நாய்டா. வாசப்படியில படுத்திருந்துச்சு. பின்னாடி பாதி எங்க?"

கேட்டீர்களா? அந்த அம்மாவின் நாய்க்கு முன்பாதி ஊருக்குள் இருக்க அனுமதி கிடைத்திருக்கிறது. பின்பாதி வீட்டுப் படியில் கிடந்த குற்றத்துக்காக வீட்டோடு சேர்த்து அகற்றப்பட்டிருக்கிறது.

கேப்டன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். "இன்ஜினியர், பன்றி ஆறுது. ஒரு போஸ்டருக்கு இவ்வளவு பேச்சா?" என்கிறார். போஸ்டர் மட்டும் என்றால் நானே முதலில் இலையில் உட்கார்ந்திருப்பேன், கேப்டன். விருந்துக்கு முன்னால் இந்த மைதானத்தில் கைதூக்கி ஒரு திட்டத்தை நிறைவேற்றப் போகிறீர்கள். ஓடைமுகத்தில் கடல்பார்த்த பூங்கா. அந்தத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருப்பதும் இதே கிரகம்தான், தபால்தலை அளவில்; இன்று காலை ஊர்மன்ற வாசலில் நீங்களே ஒட்டினீர்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி: "ஆளில்லாப் புதர்நிலம்." இன்று கைகள் எழுந்தால் நாளை அது மாகாண அலுவலகத்துக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவர் இங்கே வந்து பார்ப்பாரா? படத்தைப் பார்ப்பார். படத்தில் வீடில்லை. வீடில்லாத இடத்தில் ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் யாரிடம் கேட்பது?

அறுபது குடும்பங்களுக்கும் குன்றுக்குப் பின்னால் மாற்றிடம் தருவார்களாம். நல்ல இடம். காற்றோட்டமான இடம். கடல் மட்டும் இல்லாத இடம். படகை எங்கே கட்டுவது? மாமரத்திலா? மீனை எங்கே பிடிப்பது? குன்றிலா? பூங்காவில் கடலைப் பார்த்து உட்கார நாற்காலி போடப் போகிறார்கள், கடலில் பிழைக்கிறவரைக் கிளப்பிவிட்டு.

நான் பூங்காவுக்கு எதிரியல்ல. ஊர் கூடி, கண் திறந்து, "இந்த அறுபது வீட்டையும் இடிப்போம்" என்று கைதூக்கினால், அது கொடுமைதான், ஆனால் உண்மையைப் பார்த்துச் செய்த கொடுமை. இல்லாத புதரைக் காட்டி இருக்கும் வீட்டை எடுக்காதீர்கள். என் படத்தை வைத்து எடுக்காதீர்கள். அதனால் என் கோப்பு, வெட்டாத கோப்பு, இதோ, இந்தக் கைப்பேசியிலிருந்து உங்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துகொண்டிருக்கிறது. டிங் டிங் என்று கேட்கிறதே, அதுதான். திறந்து பாருங்கள். மாகாண அலுவலகத்துக்கும் போய்விட்டது. வழுக்கையோடுதான் போயிருக்கிறது, மன்னிக்கவும் கேப்டன், நான் எதையும் வெட்டுவதில்லை.

ஒன்று பாக்கி. கைகளை எண்ண வேண்டும். போன முறை, கேப்டன், நீங்கள் மேடையிலிருந்து எண்ணினீர்கள். முன்வரிசை முடிந்ததும் எண்ணிக்கையும் முடிந்தது. தூணுக்குப் பின்னால் எழுந்த கைகள் எழுந்தபடியே வலித்தன. இந்த முறை அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

"எண்ணுறது என் வேலை, இன்ஜினியர்" என்கிறார் கேப்டன். தாராளமாக எண்ணுங்கள். நான் இப்போது இறங்கி, மைதானத்தின் நட்ட நடுவில், தாங்கியை நிறுத்தப் போகிறேன். கேமராவுக்கு அடியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். என் உச்சந்தலை வரட்டும், எனக்கு வெட்கமில்லை. நீங்கள் யாரும் இடம் மாற வேண்டாம். முன்னால் வர வேண்டாம். தூணுக்கு இருபுறமும் நிற்பவர்கள் ஓரடி நகர்ந்து முகம் தெரிய நில்லுங்கள், போதும். இந்தப் படத்துக்கு முன்வரிசை கிடையாது. பின்வரிசை கிடையாது. மேடையும் வட்டத்துக்குள்தான். திட்டம் வேண்டும் என்பவர் கை தூக்குங்கள், ஒரு சுற்று. வேண்டாம் என்பவர் கை தூக்குங்கள், இன்னொரு சுற்று. அச்சடித்து இதே இடத்தில் தொங்கவிடுவோம். ஒவ்வொருவரும் தன் கையைத் தானே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். குன்றுக்குப் பின்னால் யாரை அனுப்பினோம், யாரை அனுப்பவில்லை என்று பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

பேச அழைத்து வருந்திக்கொண்டிருக்கும் தலைவருக்கும், கைதட்டலாமா கூடாதா என்று திகைக்கும் ஊர்மன்றத்துக்கும், கேட்ட கேள்விக்கு எழுந்து பதில் கேள்வி கேட்ட அலிங் தெக்லாவுக்கும், சோற்றைப் பிடித்து வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. வணக்கம். யாரும் அசையாதீர்கள், நான் நடுவுக்கு வருகிறேன்.