முட்டி வலி மூடிய தண்ணீர்த் தொட்டி

மாமனார்: என் முட்டி வலியால முப்பதாயிரம் பேருக்குக் குடிதண்ணி நின்னுபோச்சு. உலகத்துல வேற எந்த முட்டிக்கும் அந்தப் பெருமை கிடையாது.

மருமகள்: மாமா, டப்பாவை மேஜை மேல வெச்சுட்டுக் கிளம்புங்க. இது ஆய்வுக்கூடம். உங்க பூங்கா பெஞ்சு இல்லை.

மாமனார்: நீ நம்ப மாட்டே. நானே ரெண்டு நாளா நம்பலை.

மருமகள்: டப்பாவைக் கையிலயே தூக்கிட்டு வந்திருக்கீங்க… சாப்பாட்டுப் பை எங்க?

மாமனார்: துவைச்சுக் காயப் போட்டிருக்கேன்.

மருமகள்: நீங்களா… துவைச்சீங்க?

மாமனார்: அதிசயமா நடந்துட்டு இருக்கும்மா. முதல்ல முட்டிக் கதையைக் கேளு.

மருமகள்: நேரமில்லை. நாலு மணிக்குக் குடிநீர்ப் பொறியாளர் முன்னாடி அந்தத் தொட்டிப் பம்ப்காரருக்கு விசாரணை. தொட்டித் தண்ணில வலி மருந்து கலந்திருக்குன்னு நான் கொடுத்த அறிக்கையை வெச்சுத்தான் அவரை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க. நானும் போய்ச் சாட்சி சொல்லணும். பாவம், என்னைப் பார்க்கணும்னு வெளிய உட்கார்ந்திருக்கார்.

மாமனார்: இப்ப இல்லை. உள்ள கூப்பிட்டுட்டேன்.

மருமகள்: எதுக்கு…

பம்ப்காரர்: வணக்கம்மா. ஐயாதான் வரச் சொன்னார். இங்கயே ஓரமா நின்னுக்கறேன்.

மாமனார்: உட்காருங்க. அந்த முக்காலி வேண்டாம், ஆடும். முப்பத்தாறு வருஷமா ஆடுது. நான் இங்க உதவியாளரா சேர்ந்த அன்னைக்கே ஆடுச்சு.

பம்ப்காரர்: அம்மா, நான் எதையும் மறைக்கலை. தொட்டி மூடியைப் பூட்டாம விட்டது என் தப்புதான். ஆனா மருந்தைப் போய் யார் கொட்டுவா… அந்தத் தண்ணியைத்தான் என் பேத்தி குடிக்கிறா.

மருமகள்: யார் கொட்டினாங்கன்னு எனக்கெப்படித் தெரியும். இருக்குன்னு மட்டும்தான் நான் எழுதினேன்.

மாமனார்: எப்படிக் கண்டுபிடிச்சேன்னு அவருக்குச் சொல்லேன்.

மருமகள்: மாமா…

மாமனார்: சரி, நான் சொல்றேன். அந்தப் பாட்டில்ல கறுப்பாத் தெரியுதே, அது என்ன?

பம்ப்காரர்: கரிங்களா?

மாமனார்: கரிதான். ஆனா பரம்பரைப் பணக்காரக் கரி. அதுல ஒவ்வொரு பொடியும் ஒரு குழாய். உங்க தலைமுடியை நீளவாக்குல பல ஆயிரமாப் பிளந்தா ஒண்ணு கிடைக்கும்.

பம்ப்காரர்: தலையில அவ்வளவு மிச்சமில்லைங்க.

மாமனார்: இருக்கறது போதும். அந்தக் கரியில இம்மியளவு எடுத்து ஒரு லிட்டர் தண்ணில போட்டுக் குலுக்கினா, கரைஞ்சு கிடக்கற மருந்தெல்லாம் ஓடிவந்து அதுல ஒட்டிக்கும். கரியில இரும்பும் சேர்த்திருக்கு. வெளிய காந்தத்தை வெச்சா, கரி மொத்தமும் குடுவைச் சுவர்ல வந்து அப்பிக்கும். தண்ணியைக் கொட்டிட்டு, கரியை நாலு சொட்டு சாராயத்துல கழுவினா…

மருமகள்: சாராயம் இல்லை மாமா, மெத்தனால். குடிச்சா கண்ணு போயிடும்.

மாமனார்: அதான், குடிக்க முடியாத சாராயம். ஒரு லிட்டர்ல இருந்தது அந்த நாலு சொட்டுக்குள்ள வந்துடும். அதை மெஷினுக்குக் கொடுத்தா, சமுத்திரத்துல எறும்பு அழுதிருந்தாக்கூடச் சொல்லிடும்.

மருமகள்: எறும்பெல்லாம் சொல்லாது.

மாமனார்: முட்டி வலிக் களிம்பைச் சொல்லுமா?

மருமகள்: …என்ன?

மாமனார்: அன்னைக்கு டப்பா கொண்டு வந்தேன். நீ ஒரு கையில போன், ஒரு கையில குடுவைன்னு நின்னே. பொறியாளர் போன்ல கத்திட்டிருந்தார். கரியை எடைபோட ஆளில்லை. நான் என்ன செஞ்சேன்?

மருமகள்: உதவி பண்ணீங்க. அதுக்கு இப்ப என்ன?

மாமனார்: சிட்டிகை போட்டேன். ரெண்டு விரலால. என் சிட்டிகை தராசை விடச் சுத்தம்னு வேற சொன்னேன். நீயும் சிரிச்சே.

மருமகள்: அதனால…

மாமனார்: வர்றதுக்கு முன்னாடி முட்டிக்குக் களிம்பு தேய்ச்சிருந்தேன். அதே வலி மருந்து. ரெண்டு நாள் முன்னாடிதான் களிம்புக் குழல்ல எழுதியிருக்கறதைப் படிச்சேன்.

மருமகள்: கையைக் கழுவியிருப்பீங்கல்ல.

மாமனார்: சோப்புப் போட்டு.

மருமகள்: அப்புறம் என்ன. கழுவின விரலால ஒரு தொட்டியை மூட முடியுமா? இதுவரைக்கும் நீங்க விட்டதுலயே இதுதான் பெரிய கதை.

மாமனார்: பொய்னு காட்டிடு. இனி இந்த வாயைத் திறக்கவே மாட்டேன்.

மருமகள்: எத்தனை நாளைக்கு?

மாமனார்: ஆயுசுக்கும்.

மருமகள்: …புதுக் கரிப் பாட்டிலை எடுங்க. பழசு வேண்டாம்.

மாமனார்: பார்த்தீங்களா, என் வாய்க்கு எவ்வளவு மதிப்புன்னு. ரெண்டு குடுவை வை. ஒண்ணுல, குளிர்பெட்டியில மிச்சம் இருக்கே அதே தொட்டித் தண்ணி. கரியை நீ கரண்டியால போடு. இன்னொண்ணுல வெறும் சுத்தத் தண்ணி. அதுல நான் சிட்டிகை போடறேன். காலையில தேய்ச்சு, கழுவின கை.

பம்ப்காரர்: அம்மா, மணி ரெண்டரை…

மருமகள்: அரை மணிதான் ஆகும். காந்தத்தைப் பிடிங்க. நீங்க இல்லை மாமா, அவர்.

பம்ப்காரர்: அட… தானா வந்து ஒட்டுதே. தண்ணி பளிங்கு மாதிரி ஆயிடுச்சு.

மாமனார்: அசையாம பிடிங்க. உங்க வேலை அதுலதான் ஒட்டியிருக்கு.

மருமகள்: முதல்ல தொட்டித் தண்ணி. எட்டு நிமிஷம்…

மாமனார்: அதுக்குள்ள சாப்பிடேன்.

மருமகள்: வேண்டாம்.

பம்ப்காரர்: திரையில கோடு படுத்தே கிடக்குதும்மா. மெஷின் ஓடுதுங்களா?

மருமகள்: ஓடுது… மருந்து இந்த இடத்துல வரணும்… வரலை. எப்படி வராம போகும்? அதே தண்ணி, அதே நாள் எடுத்தது…

மாமனார்: அடுத்ததைப் போடு. சுத்தத் தண்ணி.

மருமகள்: ஒரு வேளை குளிர்பெட்டியில வெச்சதுல… இல்லை, அவ்வளவு சீக்கிரம் அழியாது. போட்டாச்சு. பேசாம இருங்க ரெண்டு பேரும்.

பம்ப்காரர்: நான் பேசவே இல்லைங்க.

மருமகள்: அந்த இடம் வரப்போகுது…

பம்ப்காரர்: அம்மா… கோடு எழுந்துக்குது.

மருமகள்: தெரியுது.

பம்ப்காரர்: நிக்கவே மாட்டேங்குது. மலையாட்டம் போகுது… சுத்தத் தண்ணின்னீங்களே.

மருமகள்: சுத்தத் தண்ணிதான். நானே பிடிச்சேன். இது… இது அறிக்கையில இருக்கற அளவை விட அதிகம். கழுவின ரெண்டு விரல்ல இருந்து…

மாமனார்: மெதுவா உட்காரு. அந்த முக்காலி வேண்டாம்.

பம்ப்காரர்: அப்படின்னா… என் தொட்டியில ஒண்ணுமே இல்லையா? நாலு நாளா ஜனங்க லாரி பின்னாடி குடத்தோட ஓடறாங்க. என் பேத்தியைப் பள்ளிக்கூடத்துல மருந்துக்காரன் பேத்தின்னு கூப்பிடறாங்க. எல்லாம் ஐயாவோட முட்டியாலயா?

மாமனார்: தப்பு என் மேலதான். பொறியாளர்கிட்ட நானே வந்து சொல்றேன். ஆனா அவர் ஒண்ணு கேப்பார் மருமகளே. நீங்க எப்பவும் தொட்டித் தண்ணிக்கு முன்னாடி, குடுவையில ஏதும் ஒட்டியிருக்கான்னு பார்க்க ஒரு வெறுந்தண்ணியையும் இதே மாதிரி ஓட்டிப் பார்ப்பீங்களே, அன்னைக்கு அதுக்கும் இவர் சிட்டிகைதானே, அதுல என்ன வந்துச்சுன்னு கேப்பார்.

மருமகள்: அறிக்கையில… 'இல்லை'ன்னு இருக்கும்.

மாமனார்: இருக்கு. பார்த்தேன்.

பம்ப்காரர்: எனக்கு இதெல்லாம் புரியலைம்மா. நாலு மணிக்கு நான் உள்ள போய் என்ன சொல்லட்டும்? அதை மட்டும் சொல்லுங்க.

மாமனார்: சாப்பாட்டுப் பையைத் துவைக்கறப்ப அடியில நாலா மடிச்சு ஒரு தாள் இருந்துச்சு. நல்லவேளை, நனையலை. கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன், என்னால படிக்க முடியாது. இந்தா, நீயே அவருக்குப் படிச்சுச் சொல்லு.

மருமகள்: கண்ணாடி உங்க சட்டைப் பையிலதான் இருக்கு மாமா… குடுங்க. ஐயா, நீங்க உள்ள போய் ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். மாமா சொன்னதெல்லாம் நடந்ததுதான். அன்னைக்கு வெறுந்தண்ணியிலயும் இதே மலை வந்துச்சு… குடுவை சரியாக் கழுவலைன்னு நினைச்சு, 'இல்லை'ன்னு எழுதிட்டு, அந்த மலை அச்சான இந்தத் தாளை ஒளிச்சு வெச்சது நான்தான்.