சத்தம் வந்தாத்தான் வைத்தியம்

நகரியில் திருப்பதி பஸ் ஏறிய இரண்டு தறிக்காரர்களுக்கு உட்கார இடமில்லை. குள்ளமானவர் எக்கி, இரண்டு கைகளாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"முதுகுக்குச் சொடுக்கு எடுக்கத்தான் திருப்பதி போறேன் மச்சான். படபடன்னு சத்தம் வந்தாத்தான் வைத்தியம்."

"போன வாரம்தானே எடுத்துக்கினு வந்த?" என்றார் உயரமானவர்.

"ரெண்டு நாளு நல்லா இருந்துச்சு. தறியாண்ட குனிஞ்சேன், வலி திரும்பி வந்துடுச்சு."

"நான் தெனம் காலையில கையத் தூக்கி ஒடம்ப நீட்டுறேன். வலி கொறைஞ்சுகினு வருது."

"சும்மா இரு மச்சான். நீட்டுனா எங்கனா வலி போவுமா?"

புத்தூரில் ஒரு சீட் காலியானது. உயரமானவர் அதைக் காட்டினார்.

"நீ குந்து மச்சான்," என்றார் குள்ளமானவர். "எனக்கு இப்படித் தொங்கிக்கினு வந்தாத்தான் முதுகு சொகமா கீது."