கடல்மேல் மூட்டம்

— பறவைக் கூட்டம் முழுசாத் தாண்டுற வரைக்கும் டெலஸ்கோப்புலேருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தா அன்னிக்குக் கணக்கே அம்பேல். எத்தனை தடவைடி சொல்றது?

— நான் எங்கக்கா டெலஸ்கோப் பக்கம் வரேன்? பாக்குறது நீ. எண்ணுற மிஷின்ல பொத்தான் அழுத்துறதுதானே என் வேலை.

— அதையாவது ஒழுங்காச் செய். நான் பத்துன்னா ஒரு அழுத்து. நீ ரெண்டு அழுத்தினா வானத்துலேருந்து இன்னொரு பத்து குதிக்குமா?

— சரிக்கா.

— என்ன இது, முதுகுல வெயில் சுடுது, கடல்மேல மட்டும் இப்படிக் கறுத்துக் கிடக்கு?

— மூட்டம்க்கா. கரையிலதான் வெயிலு.

— அதானே பாத்தேன். கதவு சத்தம் கேட்டுச்சே, யாரு?

— காத்துக்கா. சாத்திட்டேன். வடக்க பாரு, தண்ணியை ஒட்டி ஒரு கூட்டம் வருது.

— நீ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பாத்தாச்சு. ஆலாதான், பிளந்த வாலே சொல்லுது. பத்து... பத்து... இன்னொரு பத்து. கடைசியில ஒண்ணு மட்டும் பின்தங்கித் தடுமாறுது, உன்னை மாதிரியே.

— எனக்கு அவ்வளவு தெரியலக்கா.

— உனக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு? வீட்டுக்காரன் போனதும் தெரியல, வாத்து போனதும் தெரியல.

— இதையேதான் நமக்கு வேலை குடுத்த ஐயாகிட்டயும் சொன்னியாக்கா?

— எதை?

— தங்கச்சிக்குக் கண்ணும் போதாது, புத்தியும் போதாது, அனுப்பிடுங்கன்னு. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் தரையைக் கூட்டிக்கிட்டிருந்தேன்.

— ஒட்டுக் கேட்டியா? நல்லதாப் போச்சு, எனக்கு ஒரு பேச்சு மிச்சம். இனிமே இங்க ஒரு ஆள்தான்னு அவரே முடிவு பண்ணிட்டார். யாரை வச்சுக்கலாம்னு என்னைக் கேட்டா, உன்னையா சொல்வேன்?

— நான் உன் கூடப் பொறந்தவக்கா.

— அதுக்கு நான் என்ன பண்ண? போய் எங்கயாவது பாத்திரம் கழுவு.

— அக்கா, கோவிச்சுக்காதே. போன வருஷத்துலேருந்து ஒவ்வொரு கூட்டமும் என்ன பறவை, எத்தனைன்னு நான்தானே முதல்ல முணுமுணுக்கிறேன். அப்புறம்தான் நீ சத்தமாச் சொல்றே. இன்னிக்குத்தான் நான் பேரு சொல்லல.

— நீ தப்புத் தப்பா உளறுறதை நான் திருத்துறேன்டி!

— தட்டுல சோறு போட்டு வச்சா விரலால தடவித் தேடுறே. நான் பாக்கலேன்னு நினைச்சியா? டாக்டர்கிட்டப் போலாம் வா. ஐயாகிட்ட உண்மையை நீயே சொல்லிடு. வேலை எனக்கு வந்தா, உன்னைக் கடைசி வரைக்கும் வச்சுச் சோறு போடுறேன். சத்தியமாச் சொல்றேன்.

— நீ? எனக்கு? புருஷனையே வச்சுக்கத் தெரியாதவ என்னை வச்சுக் காப்பாத்துறியா? உன் சோத்துக்குக் கை நீட்டுறதுக்குப் பதிலா இந்தக் கடல்லயே விழுந்து சாவேன். என் கண்ணு மாதிரி ஒரு கண்ணு இந்தக் கரையிலயே கிடையாது. வேணும்னா சோதிச்சுப் பாத்துக்கோ.

— வேண்டாம்க்கா. ஒரே ஒரு தடவை, தெரியலேன்னு சொல்லிடு. போதும்.

— சோதிடிங்கிறேன்ல!

— சரி. தெக்க ஒரு கூட்டம், உசரத்துல.

— கடற்காகம். நல்லா வளர்ந்ததுதான் நிறைய, நடுவுல நாலஞ்சு இளசு. வெளுத்த றெக்கையில நுனிக் கறுப்புகூடத் தெரியுது. போதுமா? பத்து... பத்து... ஏன்டி, பொத்தான் சத்தமே கேக்கல?

— அழுத்துறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. கதவைத் திறந்தது காத்தும் இல்ல. ஐயா, இவ்வளவு நேரம் மூச்சுக் காட்டாம நின்னீங்களே, கொஞ்சம் முன்னால வந்து பாருங்க. டெலஸ்கோப் மூடியைக் காலையிலேருந்து நான் கழட்டவே இல்ல.