அலமாரிக்குள் இருவர்

நான் பல்லியைக் கண்டால்கூடக் கட்டில்மேல் ஏறி நிற்கிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சோதனை போட வந்தபோது உங்கள் ஆள் ஒருவர் அந்த வீடியோ கேம் டப்பாவைக் கையில் எடுத்து, அதன் மேலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இதை விளையாடுகிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. நான் சாதாரணமானவள், மேடம். ஐம்பத்தோரு வயது. பல் செட் செய்யும் லேபில் இருபத்தாறு வருட வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வீடு. யார் வாயில் எந்தப் பல் இல்லை என்பதைத் தவிர, ஊரில் யாரைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். அவள் வராந்தாவில் நடந்தால் எட்டு வகுப்பும் அடங்கும் என்பார்கள். என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ‘பூனை’ என்றுதான் கூப்பிடுவாள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்பதால். சின்ன வயதில் நாங்கள் ஒன்றாக எங்கே போனாலும் பேச்செல்லாம் அவளுடையது, பை தூக்குவது என்னுடையது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். இருந்ததில்லை.

அத்தான் இறந்த மூன்றாம் மாதம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு பை நிறைய மருந்து. அவளுக்கு இழுப்பு உண்டு. தூசி பட்டால், குளிர்ந்தால், சில சமயம் சும்மாவே வரும். இன்ஹேலரை எப்போதும் கைப்பையின் வெளி ஜிப்பில் வைத்திருப்பாள். முதல் ஒரு வருடம் நாங்கள் பேசிக்கொண்டதை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. அவள் டிவி பார்ப்பாள், நான் துணி மடிப்பேன். இரண்டு பேருக்கும் நடுவில் அத்தானின் போட்டோ இருந்தது.

அந்த விளையாட்டு மெஷின் அக்கா மகளுடையது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, “சித்தி, இத வெச்சுக்கோங்க, அங்க எனக்கு நேரம் இருக்காது” என்று விட்டுவிட்டுப் போனாள். ஒரு மழை நாளில் மத்தியானம் டிவி வரவில்லை. அக்காதான் சொன்னாள், “அதயாவது போடேன், எவ்ளோ நேரம் சுவத்தப் பாக்கறது.”

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மூடிக்கிடக்கிற ஒரு ஓட்டலுக்குள் ஒரு பெண் மாட்டிக்கொள்கிறாள். கையில் ஒரு டார்ச், இரண்டு பேட்டரி, மூன்று தோட்டா போட்ட துப்பாக்கி, ஒரு குப்பி மருந்து. அவ்வளவுதான். உயரமாக, முகமே இல்லாத ஒருவன் மாடி மாடியாக நடந்துகொண்டிருப்பான், ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டுவான். அவனைக் கொல்ல முடியாது. அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு ஒரு பட்டனை அழுத்தினால் அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ரொம்ப நேரம் பிடித்தால் தாங்காமல் மூச்சு விட்டுவிடுவாள், அவன் கேட்டுவிடுவான். அக்கா அவனுக்கு ‘வீட்டு ஓனர்’ என்று பேர் வைத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து தட்டுகிறான் இல்லையா, அதனால்.

அவள் விளையாடவில்லை. விரலெல்லாம் வாதம். நான்தான் விளையாடுவேன். பல்லுக்கு மெழுகு இழைத்துப் பழகிய கை, நடுங்காது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். முதல் தடவை வீட்டு ஓனர் அலமாரிக்கு வெளியே வந்து நின்றபோது, எட்டு வகுப்பை அடக்கிய என் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் போகும் வரை விடவில்லை. ஐந்து நகமும் பதிந்திருந்தது. அவன் போனதும் இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். சிரித்ததே இல்லை.

இதில் அப்படி என்ன சுகம் என்று நேற்றுக் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். வாழ்க்கையில் வருகிற பயத்துக்கு முகமும் இல்லை, நேரமும் இல்லை. அத்தானின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்த நாளிலிருந்து அவர் போகும் வரை அக்கா ஒரு நாள்கூட நிம்மதியாக மூச்சு விட்டிருக்க மாட்டாள். ஆனால் இதில் பயம் காலால் நடந்து வருகிறது, சத்தம் கேட்கிறது, வாசலில் நிற்கிறது, அப்புறம் போய்விடுகிறது. போனதற்குப் பிறகு ஒரு நிமிடம் இருக்கிறது பாருங்கள், அதற்காகத்தான் எல்லாம். அந்த ஒரு நிமிடம் உயிரோடு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உடம்பு முழுக்கத் தெரியும். கையில் கடைசிக் குப்பி மருந்து இருக்கும். அதை இப்போது குடிக்கலாமா, இன்னும் மோசமான நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்கிறவள் நான். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சொன்னாள், “நீ பக்கத்துல இருக்கியே, அந்த தைரியத்துலதான் பாக்கறேன்.”

நாற்பத்தொன்பது வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

ஒரு மத்தியானம், மூன்றாவது மாடியில் அவன் துரத்துகிற இடத்தில், அக்காவுக்கு நிஜமாகவே இழுப்பு வந்துவிட்டது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. கைப்பை அடுத்த அறையில் இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்து வந்து வாயில் வைத்தேன். இரண்டு அழுத்து. கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் வந்தது. அவள் என் தோளில் தலை வைத்துக்கொண்டு, “நீ இல்லன்னா நான் போயிருப்பேன்டி” என்றாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை அவளே பரிமாறினாள். அதற்கு முன் எனக்கு யாரும் பரிமாறியதில்லை.

இரண்டு மாதத்தில் விளையாட்டை முடித்துவிட்டோம். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஆனால் எந்தக் கதவுக்குப் பின்னால் அவன் நிற்கிறான் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். “இப்ப வருவான் பாரு, உன் ஓனர்” என்று கொட்டாவி விட்டாள். புது விளையாட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் பேய் நிறைய, பயம் இல்லை.

அதற்குள் ஒரு புது டாக்டர் மருந்தை மாற்றினார். அக்கா தேறிவிட்டாள். காலையில் பூங்காவில் நடக்கப் போனாள். அங்கே ஒரு டைலரம்மாவைப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். நான் வேலையிலிருந்து வரும்போது இரண்டு பேரும் என் வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே வந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு மகள் போன் செய்தாள், இரண்டு அறை வீடு எடுத்திருக்கிறேன், அம்மா என்னோடு வரட்டும் என்று. அக்கா ரசம் போதுமா என்று கேட்கிற மாதிரிதான் என்னிடம் சொன்னாள், “அடுத்த மாசம் போலாம்னு இருக்கேன். உனக்கும் ஒரு பாரம் குறையும்.”

எனக்கு அவள் பாரமாக இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஹேலரை நான் ஒளித்து வைக்கவில்லை. இடம் மாற்றி வைத்தேன். முதலில் கைப்பையிலிருந்து டிவிக்குப் பின்னால். அடுத்த தடவை அரிசி டப்பாவுக்கு மேல் தட்டில். அவளுக்கு இழுப்பு வரும், ஜிப்பைத் திறப்பாள், இருக்காது. நான் அடுக்களையில் நின்று நாற்பது வரை எண்ணுவேன். நாற்பதுக்கு மேல் போனதில்லை. அதற்குள் கையில் மருந்தோடு வந்து நிற்பேன். அவள் என் கையைப் பிடிப்பாள். பழைய மாதிரி ஐந்து நகமும் பதியும். பிறகு அந்த ஒரு நிமிடம் வரும். என்னைப் பார்க்கிற அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருந்தால் இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

புது மருந்தால் இழுப்பு குறைந்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா. அதனால் லேபிலிருந்து கொஞ்சம் பவுடர் கொண்டுவந்தேன். அச்சு வார்க்கிற பிளாஸ்டரை மெஷினில் தேய்த்தால் விழுகிற தூள். அதற்காகத்தான் நாங்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்கிறோம். ஒரு கவரில் எடுத்துவந்து அவள் தலையணை உறைக்குள் தூவினேன். நிறைய இல்லை, ஒரு டீஸ்பூன். வாரத்துக்கு ஒரு முறை. மொத்தம் பதினொரு தடவை அவளைக் காப்பாற்றியிருக்கிறேன். உங்கள் பட்டியலில் ஏழுதான் இருக்கிறது, ஏனென்றால் நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு வரவில்லை.

டாக்டர் தலையைச் சொறிந்தார். “வீட்ல தூசி ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். தினமும் ஈரத்துணியால் துடைக்கிறேன் என்றேன். உண்மைதான், துடைத்தேன். அவர் அக்காவிடம், “இப்படி ஒரு தங்கச்சி எல்லாருக்கும் அமையாதும்மா” என்றார். அக்கா தலையாட்டினாள். மகள் டிக்கெட்டை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். டைலரம்மா வருவதை நிறுத்திக்கொண்டாள், தன் துணிகளில் இருக்கிற பஞ்சால்தான் இப்படி ஆகிறதோ என்று அவளுக்குப் பயம். பாவம், நல்ல மனுஷி. மத்தியானங்களில் நானும் அக்காவும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் இளைத்துவிட்டாள். வாயைத் திறந்தபடி தூங்கினாள். ஆனால் என் கையை விடவில்லை.

மூன்றாவது தடவை மகள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். தன் தலையணை இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அதையும் எடுத்துப்போகலாம் என்று, துவைத்த உறை போட, பழையதை உருவினாள். வெள்ளைத் தூள் அவள் புடவை மேல் கொட்டியது. விரலால் தொட்டுப் பார்த்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். இருபத்தாறு வருடமாக என் துணியில் இருக்கிற வாசனை, அவளுக்குத் தெரியாதா?

“இது உன் லேப் பவுடர்தானே?”

“ஆமாம்” என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

“இதுக்குள்ள எப்படி வந்துச்சு?”

அவள் என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அப்படித்தான் பார்த்திருப்பாள். கொஞ்ச நேரம் போனதும் அந்தப் பார்வை மாறியது. கையிலிருந்த உறையைக் கீழே போட்டாள், தூள் எழும்பியது, இழுப்பு ஆரம்பித்தது. கைப்பையை எடுத்து வெளி ஜிப்பைத் திறந்தாள். பிறகு பெட்டிக்குள் தேடினாள். மடித்து வைத்த துணியெல்லாம் தரையில் விழுந்தது.

இன்ஹேலர் என் நைட்டி பாக்கெட்டில் இருந்தது. அன்றைக்கு நான் எண்ணவே இல்லை. உடனே வெளியே எடுத்தேன், அவளுக்குத் தெரிகிற மாதிரி நீட்டினேன். “இங்க இருக்கு அக்கா. வா” என்றேன். குரலை உயர்த்தவில்லை.

எனக்கும் அவளுக்கும் நடுவில் நாலு தப்படி. அவள் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக நகர்ந்தாள். வாசல் கதவு ஒன்பது பத்து தப்படி இருக்கும். நடுவில் முழங்காலில் விழுந்தாள். தவழ்ந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நான் போய் அவள் வாயில் வைத்திருக்கலாம், இரண்டு அழுத்து அழுத்தியிருக்கலாம், பிழைத்திருப்பாள். பதினொரு தடவை செய்தவளுக்குப் பன்னிரண்டாவது தடவை செய்யத் தெரியாதா? அவளாக என்னிடம் வர வேண்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை, அவளாக.

நீங்கள் கேட்ட அந்தப் பதினெட்டு நிமிடக் கணக்கு சரிதான். மூன்றேகாலுக்கு அவள் கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. மூன்று முப்பத்துமூன்றுக்கு நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நடுவில் அவள் தலைக்குக் கீழே சுத்தமான உறை போட்ட தலையணையை வைத்தேன். முடியை ஒதுக்கிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை திரும்பப் பிடிக்கவில்லை. காலையில் ரயிலிலிருந்து இறங்கி வந்த மகள், “என்னையாவது கூப்பிட்டிருக்கலாமே சித்தி” என்றாள். அவளுக்கு இன்னும் யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆக, நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். தூக்கமோ சாப்பாடோ எனக்குக் கெடவில்லை, லாக்கப்பில் காவலுக்கு இருக்கிற பெண்ணும் மரியாதையாகத்தான் பேசுகிறாள். ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. நாலு வருடம் ஒன்றாக இருந்தோம், எத்தனையோ தடவை நான்தான் அவளை மீட்டுக்கொண்டுவந்தேன். கடைசி நேரத்தில் அவள் ஏன் கதவுப் பக்கம் போனாள், மேடம்? மருந்து என்னிடம் அல்லவா இருந்தது.