சுவரில் மாட்டிய அட்டை

மகள்: இன்னும் பின்னாடி போங்கப்பா. சோஃபாவுல கால் இடிக்கணும்.

அப்பா: இடிச்சாச்சு. இதுக்கு மேல போனா பக்கத்து வீட்டுல போய்த்தான் நிக்கணும்.

மகள்: இடது கண்ணை மூடுங்க. உள்ளங்கையால... அழுத்தாதீங்க.

அப்பா: லீவுக்கு வந்து, பெத்த அப்பனை ஒத்தக்கண்ணனா நிக்க வைக்கிறே. இதுக்குத்தான் கண் பரிசோதனை படிக்கப் போனியா?

மகள்: வீட்ல ஒருத்தருக்காவது டெஸ்ட் பண்ணிட்டு வரச் சொல்லியிருக்காங்க. வேற யாருப்பா இருக்கா நமக்கு? சாரிப்பா. வாய் தவறி...

அப்பா: இருக்கறதைத்தானே சொன்னே. ஆரம்பி.

மகள்: மேலேருந்து படிங்க.

அப்பா: ப. அடுத்து ம, ட. அப்புறம் க, ர, ந. இன்னும் கீழயா?

மகள்: ம்.

அப்பா: ச, வ, ல, ழ. அந்தப் பொடி எழுத்து வரி... த, ய, ண, ப, ற. போதுமா டாக்டரம்மா?

மகள்: தடுமாறவே இல்லையே.

அப்பா: ஸ்கூல் பஸ் ஓட்டறவன் தடுமாறலாமா? பஸ் நிறையப் பிள்ளைங்க. சரி, மார்க்கைப் போட்டுட்டு ரயிலுக்குக் கிளம்பற வழியைப் பாரு. இப்பல்லாம் சீக்கிரம் இருட்டிடுது.

மகள்: அப்பா... நீங்க படிச்சது நேத்து மாட்டின அட்டை.

அப்பா: ஏன், அதுக்கென்ன?

மகள்: நீங்க குளிக்கப் போனப்ப மாத்திட்டேன். இதுல 'ப'வே கிடையாது. விடியறப்ப சுவத்துல மூக்கை வச்சுக்கிட்டு முணுமுணுத்துட்டிருந்தீங்க. முதல்ல அம்மா படத்துக்கிட்டப் பேசறீங்கன்னு நினைச்சேன்.

அப்பா: பார்த்துட்டியா.

மகள்: எப்பலேருந்துப்பா?

அப்பா: அம்மா இருந்தப்பவே. டாக்டர்கிட்ட அவதான் கூட்டிட்டுப் போனா. நரம்பாம். கண்ணாடிக்கெல்லாம் அடங்காதாம்.

மகள்: தெரிஞ்சும் உங்களை ஓட்ட விட்டாங்களா?

அப்பா: அதே பஸ்ல அவதானே ஆயா. முன் சீட்டை விட்டு எந்திரிக்கவே மாட்டா. சிவப்பும்பா, நிறுத்துவேன். இடது பக்கம் சைக்கிள்ம்பா, ஒதுங்குவேன். பிள்ளைங்க அதை ஏதோ விளையாட்டுன்னு நினைச்சு, கூடச் சேர்ந்து கத்தும்.

மகள்: அம்மா போனப்புறம் யார் சொன்னாங்க?

அப்பா: பிள்ளைங்கதான். பழக்கத்துல கத்திட்டே வந்துச்சுங்க.

மகள்: ஐயோ... என்னப்பா இது.

அப்பா: திட்டிக்கோ.

மகள்: திட்டறதுக்கு என்ன இருக்கு? நாளைக்கு வண்டியில ஏறினீங்கன்னா நானே ஸ்கூலுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவேன்.

அப்பா: வேண்டாம்மா.

மகள்: கெஞ்சாதீங்கப்பா.

அப்பா: கெஞ்சலை. சாவியைக் குடுத்தாச்சு. மழைக்காலம் ஆரம்பிச்சப்பவே.

மகள்: ஏன், என்ன ஆச்சு?

அப்பா: அன்னிக்குப் பிள்ளைங்களுக்குள்ள ஏதோ சண்டை. ஒண்ணுகூடக் கத்தலை. கைக்குழந்தையோட ஒரு பொம்பளை வண்டிக்கு நேரா நின்னிருக்கா... அவ அலறினப்புறம்தான் பிரேக்கை மிதிச்சேன்.

மகள்: அவங்களுக்கு...

அப்பா: ஒண்ணும் ஆகலை. திட்டிட்டுப் போயிட்டா. நான்தான் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடலை. வேற டிரைவர் வந்து வண்டியை எடுத்தான்.

மகள்: அப்ப சாயங்காலம் சாயங்காலம் போன்ல, டிரிப் முடிஞ்சுதுன்னு சொன்னதெல்லாம்?

அப்பா: இதே சோஃபாவுல உக்காந்துதான்.

மகள்: வேலையே இல்லைன்னு ஆயிடுச்சு. அப்புறம் எதுக்கு அட்டையை மனப்பாடம் பண்ணினீங்க? யாரை ஏமாத்த?

அப்பா: உன்னைத்தான். தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு எனக்குக் கைத்தடியா வந்து உக்காந்துக்குவே. உங்கம்மா கடைசியா என்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான்... குட்டி படிச்சு முடிக்கணும்னு. இந்த வீட்டுக்குள்ள எனக்குக் கண்ணே வேண்டாம்டா. அடுப்பு எங்கே, படி எங்கேன்னு காலுக்கும் கைக்கும் தெரியும். நீ பாட்டுக்குக் கிளம்பு. என்ன, பேச்சையே காணோம்? அழறியா?

மகள்: இல்லப்பா.

அப்பா: முகம் தெரியலை, அதான் கேட்டேன். போ, பையை எடுத்து வை.

மகள்: டெஸ்ட் பண்ணிட்டு வான்னு யாரும் சொல்லலைப்பா. நீங்க பூட்டைத் தடவித் தேடறீங்கன்னு எதிர்வீட்டு அக்கா போன் பண்ணினாங்க. அன்னிக்கே காலேஜை விட்டு நின்னுட்டு, ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டேன். என் பெட்டி, படுக்கை எல்லாம் நேத்துலேருந்து உங்க எதிர்லதான் இருக்கு... அந்த அட்டைக்குப் பக்கத்துலயே, சுவரோரமா.